பூனை முடியிலிருந்து டெஸ்க்டாப்பைக் காப்பது எப்படி?

வீட்டில் இரண்டு பூனைகள், மாதாமாதம் கேபினெட்டைத் திறந்து துடைத்தும் ஃபேன் இரைச்சல் போகவில்லை, வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

உள்ளே வேண்டாம். அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும், போர்டில் பட்டால் சில்லுக்கு ஆபத்து. தரையில் விழுந்த முடியை அள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு துடைத்தாலும் காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்காதவரை முடி வந்துகொண்டேதான் இருக்கும். முன்னால் ஒரே ஒரு ஃபேன் உள்ளிழுக்க, பின்னாலும் மேலேயும் மூன்று ஃபேன் வெளியே தள்ளினால், குறைகிற காற்றைக் கேபினெட் யுஎஸ்பி ஓட்டை, பின்பக்க ஸ்லாட் இடுக்கு என்று கிடைத்த சந்திலெல்லாம் இழுக்கும், அங்கே வடிகட்டி கிடையாது. மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றைப் பின்பக்க இடுக்கருகே பிடித்துப் பாருங்கள்: உள்ளே ஒட்டினால் இதுதான் கதை. வெளியே தள்ளும் ஃபேனைக் குறையுங்கள் அல்லது அதன் வேகத்தை பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) இறக்குங்கள், உள்ளிழுக்கும் பக்கம் எல்லாவற்றுக்கும் வலை வடிகட்டி போடுங்கள். ஆனால் அந்த வலை அடைத்துக்கொண்டால் உள்ளே வரும் காற்று குறைந்து பழையபடி சந்து வழியாகவே இழுக்க ஆரம்பித்துவிடும், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். (வலைக்குப் பதில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டுபவர்கள் உண்டு. முடி நிற்கும், காற்றும் பாதி நின்றுவிடும்.)

அப்புறம், கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். முடி உருண்டு திரிகிற இடமே அதுதான். ஒரு சின்ன ஸ்டூல் போதும்.

இரைச்சலுக்கு வருவோம். சிபியு (பிராசசர் சில்லு) மேலிருக்கும் ஃபேனின் இறக்கைகளைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், அடியில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரு படலம் கிடக்கும். ஃபேனைக் கழற்றாமல் ஊதினால் அது தகடுகளுக்குள் இன்னும் இறுகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேனைக் கழற்றி, படலத்தை விரலாலேயே உரித்தெடுங்கள், மிச்சத்தை புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது எந்த ஃபேனையும் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது சுழலத் தாங்கும் பேரிங் கெடும். பவர் சப்ளையை மட்டும் வெளியிலிருந்தே ஊதுங்கள், திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு கரகரவென்று சத்தம் வந்தால் அது தூசி இல்லை, பேரிங் தேய்ந்த ஃபேன். மாற்றிவிடுங்கள்.