'வைரஸ்' பன்மையில் என்ன ஆகும்?

அன்புள்ள ஐயா,

'அலும்னஸ்' பன்மையில் 'அலும்னி' ஆவதுபோல 'வைரஸ்' 'விரி' ஆகும், 'விரிஈ' என்றும் எழுதலாம் என்று அலுவலக நண்பர் சாதிக்கிறார். லத்தீன் இலக்கணப்படி எது சரி?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் தவறு. 'உஸ்' என்று முடிந்தாலே பன்மையில் 'ஈ' வரும் என்ற நம்பிக்கைதான் இந்தக் குழப்பத்துக்கு வேர். லத்தீன் அகராதி பெயர்ச்சொல்லோடு அதன் ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் பாலையும் தரும். அவற்றைப் பார்த்த பிறகே பன்மை சொல்ல வேண்டும். அலும்னுஸ், ஆறாம் வேற்றுமையில் அலும்னீ, ஆண்பால்: பன்மையும் அலும்னீ. கோர்புஸ், கோர்போரிஸ்: பன்மை கோர்போரா. ஸ்தாதுஸ் பன்மையில் ஸ்தாதூஸ். உகரம் நீள்வதோடு சரி.

வீருஸ் (லத்தீன் ஒலிப்பு இதுதான்) இவற்றில் எதிலும் சேராது. அலும்னுஸ் போலவே இரண்டாம் வாய்பாடு (வேற்றுமை வடிவங்களை வைத்துப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் வகை), ஆனால் ஆண்பால் அல்ல, நபும்சகம், அதாவது ஆணும் பெண்ணும் அல்லாத பால். வுல்குஸ், பெலகுஸ் என்று இதற்குத் துணை மிகச் சிலவே. ரோமானியக் கவிஞர் வர்ஜில் 'ஜியார்ஜிக்ஸ்' முதல் நூலில், கரும்பாம்புகளுக்கு யூப்பிட்டர் கொடிய நஞ்சைச் சேர்த்தான் என்னும் இடத்தில் 'மலும் வீருஸ்' என்கிறார். இரண்டாம் வேற்றுமைப் பொருள்தான், ஆனாலும் சொல் மாறவில்லை. நாம் 'பால் குடித்தான்' என்று ஐ உருபில்லாமல் சொல்வதுபோல, லத்தீன் நபும்சகத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம். நஞ்சு, பிசுபிசுப்பான நீர், கெட்ட நாற்றம் என்பவை இதன் பொருள்கள். எண்ணக்கூடியவை அல்ல என்பதால் பழைய நூல்களில் பன்மையே காணோம்.

'விரீ' என்பது 'விர்' (ஆண்மகன்) என்பதன் பன்மை. விர் என்பதில் இகரம் குறில், வீருஸில் நெடில். சொற்களின் வேரும் வேறு. விர், வடமொழி 'வீர'வுக்கு உறவு. நம் வீரன் அங்கிருந்து வந்தவன். வீருஸோ 'விஷ'த்துக்கு உறவு. உயிரெழுத்துகளுக்கு நடுவே நின்ற ஸகரம் லத்தீனில் ரகரமானது. பூவைக் குறிக்கும் ஃப்ளோஸ், ஃப்ளோரிஸ் ஆவதும் இதனால்தான். அதே ஸகரம் வடமொழியில் இகரத்துக்குப் பின் ஷகரமானது. 'விரிஈ' வர ஒருமை 'விரியுஸ்' ஆக இருக்க வேண்டும். வீருஸ் அப்படி இல்லையே!

1898இல் புகையிலைத் தேமல் நோய்க் காரணிக்கு டச்சு நுண்ணுயிரியலாளர் பெயரிங்க் இச்சொல்லை ஆண்டபோதும் அதை உயிருள்ள திரவம் என்றே கருதினார். ஒவ்வொன்றாக எண்ணும் வழக்கம் பின்னால் வந்தது. இன்று லத்தீனிலேயே எழுதுவோருக்குப் பன்மை தேவைப்பட்டால் 'வெர்பும்' (சொல்) என்ற நபும்சகப் பெயர் பன்மையில் 'வெர்பா' ஆவதை ஒட்டி 'வீரா' என்கிறார்கள். தமிழில் 'வைரஸ்கள்' என்றே எழுதுங்கள்.