தாமஸ் ஜெபர்சன் பள்ளி: நுழைவுத் தேர்வு கோச்சிங்கில் சேர்க்கலாமா?

உங்க பொண்ணை நுழைவுத் தேர்வு கோச்சிங் சென்டர்ல சேர்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. பணம் கட்டாதீங்க. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துல இருக்கிற தாமஸ் ஜெபர்சன் அறிவியல் பள்ளிக்கு இப்போ நுழைவுத் தேர்வே கிடையாது. பள்ளியை நடத்துற ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டி (மாவட்டம் மாதிரி) 2020 கடைசியில அதை எடுத்துட்டாங்க. அந்த சென்டர் மாதிரி வினாத்தாளைக் காட்டினா, அது பழைய சரக்கு.

ஏழாவது படிக்கிற உங்க பொண்ணுக்குத் தடை வேற இடத்துல வரலாம்: கணக்கு வகுப்பு. எட்டாவதுல குறைஞ்சது அல்ஜீப்ரா 1 ஹானர்ஸ் (இயற்கணிதத்தோட கடினமான வகுப்பு) படிக்கணும், ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 3.5 வேணும். சென்னையிலிருந்து வந்து ஆறு மாசம்தான் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. புதுசா வர்ற பிள்ளைங்களைச் சாதாரணக் கணக்கு வகுப்புலயே விட்டுடுறது உண்டு.

1. அடுத்த வருஷப் பாடத்தேர்வுப் படிவத்துல கணக்குக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அறிவியலும் ஹானர்ஸா இருக்கணும்.
2. இல்லைன்னா பள்ளியில பாடத்தேர்வுக்கு வழிகாட்டுற கவுன்சிலருக்கு இந்த வாரமே மெயில் போடுங்க. ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தா நேர அட்டவணை இறுகிடும்.

விண்ணப்பத்தோட ஒரு பகுதியா கட்டுரை எழுதச் சொல்வாங்க. அதுக்கு கோச்சிங்கைவிட, கணக்கு போட்டதும் "எப்படி யோசிச்சே?"ன்னு வீட்டுல கேட்டு நாலு வரி எழுதவைக்கிறது மேல்.

ஒண்ணு மட்டும்: வருஷத்துக்கு இருக்கிறதே சுமார் 550 இடம். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில 1.5 சதவீதம் ஒதுக்குறாங்க. மீதிக்கு எல்லாருக்கும் போட்டி. விதி மாறவும் செய்யும், விண்ணப்பிக்கும் முன்னாடி கவுன்டி அறிவிப்பைப் பாத்துக்கோங்க.