கொண்டை ஊசி வளைவில் குரூஸ் கன்ட்ரோல்: ஸ்டீயரிங்கை எங்கே வாங்குவது, எங்கே கொடுப்பது?

கேள்வி: புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் காரில் லெவல் 2 வசதிகள் (ஸ்டீயரிங், வேகம் இரண்டிலும் கார் உதவும், பொறுப்பு ஓட்டுநருக்கே) இருக்கின்றன. குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது அடாப்டிவ் குரூஸை (முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) 40-ல் வைத்து, முன்னால் போன பஸ்ஸின் பின்னாலேயே வந்தேன். பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் பஸ் திரும்பியதும் கார் தானாக வேகமெடுத்தது. பிரேக்கை மிதித்துச் சமாளித்தேன். சர்வீஸ் சென்டரில் பழுது ஒன்றும் இல்லை என்கிறார்கள். மலைப்பாதையில் இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: பழுது இல்லை என்பது சரிதான். அந்த வசதி அந்த இடத்தில் அப்படித்தான் நடந்துகொள்ளும். பம்பரில் உள்ள ரேடாரும் முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவும் காரின் மூக்கு நிற்கும் திசையைத்தான் பார்க்கின்றன. பஸ் கொண்டை ஊசியில் திரும்பியதும் அவற்றின் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது. பாதை காலி என்று எடுத்துக்கொண்ட கார், நீங்கள் வைத்த 40-ஐப் பிடிக்கப் பார்க்கிறது. எதிரே தெரிவது தடுப்புச் சுவர். அதை ரேடார் பெரும்பாலும் பொருட்படுத்தாது. நகராத பொருட்களை வடிகட்டிவிட்டால்தான் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பெயர்ப்பலகைக்கும் பிரேக் பிடிக்காமல் இருக்க முடியும். வளைவோரம் பஞ்சராகி நிற்கும் லாரியையும் அதனாலேயே கோட்டைவிடக்கூடும்.

அடாப்டிவ் குரூஸுக்கான ஐ.எஸ்.ஓ 15622 தரத்தில் மிகக் கடினமான வகுப்பே 125 மீட்டர் ஆரமுள்ள வளைவு வரைக்கும்தான். நம் நாட்டு மலைச்சாலை விதிகளில் கொண்டை ஊசிக்கு உள்வளைவின் குறைந்தபட்ச ஆரம் 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ. பல கார்களில் குரூஸை 30-க்குக் கீழே வைக்கவே முடியாது. 14 மீட்டர் ஆரத்தில் 30-ல் திரும்பினால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் பாதி. ஈர ரோட்டில் அது ஆபத்து. ஆக, குரூஸின் மிகக் குறைந்த வேகமே இந்த வளைவுக்கு அதிகம். நாங்கள் தயங்காமல் சொல்வோம்: மலைப்பாதையில் குரூஸ் வேண்டாம்.

அடுத்தது, கார் எப்போது கைவிடும் என்பது. குறிப்பிட்ட சூழலில் தானே ஓட்டிக்கொள்ளும் லெவல் 3 வாகனங்களுக்கான ஐ.நா. விதி 157, ஓட்டுநர் பொறுப்பேற்க 10 விநாடி அவகாசம் கேட்கிறது. உங்கள் லெவல் 2 காருக்கு அப்படி ஒரு கடமை இல்லை. கோடு அழிந்திருந்தால், மூடுபனி இறங்கினால், கேமரா முன் கண்ணாடியில் ஆவி படிந்தால், ஸ்டீயரிங் உதவி சத்தமே இல்லாமல் விலகலாம். மீட்டரில் பச்சையாக இருந்த சின்னக் கோட்டுப் படம் வெள்ளையாகும், அவ்வளவுதான். 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். மீட்டரைப் பார்த்து, புரிந்து, கையை இறுக்குவதற்குள் வளைவு வந்துவிடும். அதனால் கார் கொடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். ஸ்டீயரிங்கைக் காரிடமிருந்து வாங்கும் இடத்தை நீங்களே முன்கூட்டி முடிவு செய்யுங்கள்: ஏறும்போது கல்லாருக்கு முன்பே, இறங்கும்போது குன்னூரிலேயே.

வாங்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரேக்கைத் தொட்டால் குரூஸ் விலகும். ஆனால் பழைய வேகம் நினைவில் இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ குரூஸ் விலகவே விலகாது. காலை எடுத்ததும் வைத்த வேகத்துக்கே கார் திரும்பும். பலர் ஏமாறுவது இங்கேதான். அவிநாசி ரோட்டில் 80-ல் வைத்துவிட்டு, காட்டேரி வளைவில் கை தவறி ‘ரெஸ்’ (பழைய வேகத்துக்குத் திரும்பும் ரெஸ்யூம்) பட்டனை அழுத்தினால் கார் 80-க்குப் பாயப் பார்க்கும். எனவே கேன்சல் போதாது, குரூஸின் மெயின் சுவிட்சையே அணையுங்கள். காரைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் உதவியைத் தனி பட்டனில் அணைக்க வேண்டியிருக்கும். அகலமாக வளைந்து வரும் பஸ்ஸுக்காக நீங்கள் ஓரமாக ஒதுங்கும்போது, கோட்டைத் தாண்டுகிறீர்கள் என்று அது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். அவசர பிரேக்கை மட்டும் அணைக்க வேண்டாம். கொண்டை ஊசியில் எதிர்வரும் வண்டியைப் பார்த்து வீணாகக் கத்தினாலும் இருக்கட்டும்.

இறக்கத்தில் முதலில் கியரைக் குறைத்துவிட்டு, பிறகு குரூஸை அணையுங்கள். குரூஸ் இறக்கத்தில் தானே பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால், அணைத்த கணம் அந்தப் பிடி விட்டு வண்டி உருளும். கியரைக் குறைக்க லீவரில் மேனுவல் அல்லது ‘எல்’, இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பின்னால் உள்ள ‘பேடில்’ விசை. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய டிரைவர்களின் கணக்கு இதற்கும் பொருந்தும்.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றி இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் பிரேக்கிங் (வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கும் பிரேக்) சரியாகப் பிடிக்காது. சுமை பிரேக் பேடுகளில் விழும். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் சுமார் 1,900 மீட்டர் உயர வித்தியாசம். 1,600 கிலோ வண்டிக்கு அது ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

கல்லார் தாண்டியதும் உடனே காரிடம் கொடுத்துவிடாதீர்கள்; யானை கடக்கும் இடம் அது. இருட்டில் யானையை அடையாளம் காணும் என்று எந்த கேமராவையும் நம்ப முடியாது. மேட்டுப்பாளையம் நெரிசலும் கடந்த பிறகு, நேரான ரோட்டில், இருபுறக் கோடும் மீட்டரில் பச்சையாகத் தெரிந்தால் போடலாம். அப்போதும் ‘ரெஸ்’ அல்ல, ‘செட்’: ஓடிக்கொண்டிருக்கும் வேகத்திலேயே புதிதாக வையுங்கள்.