மருதமுனைத் தறிக்காரர் குழுவில் புதுசா ஒன்றும் வராதது ஏன்?

குழுவில் ஆள் குறைவில்லை, எல்லாரும் ஒரே தொழில்காரர். அதுதான் சிக்கல். தறிக்காரர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கி வருசமாகியும் சாரன் (லுங்கி) டிசைன் மாறவில்லை, விற்பனையும் ஏறவில்லை என்கிறீர்கள். ஒரே இடத்தில் நூல் வாங்கி ஒரே வியாபாரிக்கு விற்கிற ஆக்களுக்கு, ஒருவருக்கொருவர் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? நெருங்கினவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடமிருந்துதான் புதுத் தகவல் வரும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973லேயே எழுதிவிட்டார்.

கடைசி ஒரு மாத மெசேஜைத் தள்ளிப் பாருங்கள். நூல் விலை, ஜனாஸா அறிவித்தல் தவிர யாராவது தெரியாத ஒன்றைக் கேட்டிருக்கிறார்களா?

இல்லையென்றால் ஒரு சாயக்காரர், ஒரு தையல்காரர், கல்முனைப் புடவைக்கடையில் கவுண்டரில் நிற்கிற பிள்ளை, இவர்களைச் சேருங்கள். எந்தச் சாரன் திரும்பி வருகிறது என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். கேள்வியும் படத்தோடு வரட்டும்: "சாயம் போகுது" என்று மட்டும் போட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். ஈர வெள்ளைத்துணியால் தேய்த்து, கறை பட்ட துணியைப் படம் எடுத்துப் போடுங்கள்.

வாங்குகிறவர் பெயரையும் உங்கள் விலையையும் மட்டும் அங்கே போடவேண்டாம், போட்டிக்காரரும் அதே குழுவில்தான். கேட்டதைத் தன் தறியில் ஒரு முழமாவது நெய்து பார்க்க ஆளில்லாவிட்டால், யாரைச் சேர்த்தும் பிரயோசனமில்லை.