அக்குள் ஸ்கேன் இயல்பு என்றால் கணுப் பரிசோதனை எதற்கு?

ஸ்கேனில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் இயல்பாகத் தெரிந்தும், 1.8 செ.மீ. மார்பகக் கட்டியுள்ள உங்கள் தாயாருக்குச் சென்டினல் பயாப்ஸி (புற்று முதலில் பரவக்கூடிய அக்குள் கணுக்களை எடுத்துச் சோதிப்பது) தேவை என்று மருத்துவர் சொல்வதில் முரண்பாடு இல்லை. கணுவுக்குள் 2 மி.மீ.க்கும் குறைவாகப் படிந்துள்ள புற்றணுக்கள் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரிவதில்லை. நீங்கள் அஞ்சுவதுபோல் அக்குள் முழுவதையும் வழித்தெடுக்க மாட்டார்கள். மார்பில் செலுத்தும் சாயம் முதலில் சென்றடையும் ஒரு சில கணுக்களை மட்டுமே எடுப்பார்கள்.

அறிக்கையில் கணுவின் புறணித் (வெளி அடுக்கின்) தடிமன் 3 மி.மீ.க்கு மேல் என்றோ, நடுவிலுள்ள கொழுப்புப் பகுதி மறைந்துள்ளது என்றோ குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதலில் ஊசிப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

2023இல் வெளியான சவுண்ட் ஆய்வு, 2 செ.மீ. வரையிலான கட்டியும் இயல்பான அல்ட்ராசவுண்டும் உள்ளோர் சென்டினல் பயாப்ஸியைத் தவிர்க்கலாம் என்று காட்டியது உண்மைதான். ஆனால் அவர்கள் மார்பைக் காக்கும் அறுவையும், ஏறக்குறைய அனைவரும் கதிர்வீச்சும் பெற்றவர்கள். தாயாரின் ஹெர்2 (சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும், புற்றணுக்களில் உள்ள ஒரு புரதத்துக்கான சோதனை) முடிவு வருமுன் அந்த ஆய்வைச் சுட்டி வாதாடுவது, என் பார்வையில், அவசரம்.