திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் திருமணம் செய்துகொள்ளலாமா?

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். நான் மணக்க விரும்புகிறவர் குருமடத்தில் பல ஆண்டுகள் பயின்று, திருத்தொண்டராக (டீக்கன், குருவுக்கு முந்தைய படிநிலை) திருநிலைப்படுத்தப்பட்ட எட்டாவது மாதத்தில் வெளியேறியவர். குருப்பட்டம் பெறவில்லை. ஆயரிடம் விலகல் கடிதம் கொடுத்துவிட்டதால் தடை எதுவும் இல்லை என்கிறார். முதலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பிறகு கோவிலில் ஆசி பெற்றுக்கொள்ளலாம் என்பது அவருடைய வீட்டாரின் யோசனை. மணமான ஆண்கள்கூடத் திருத்தொண்டர்களாக இருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் தடை? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரி, இன்றுள்ள நிலையில் அவர் உங்களைத் திருச்சபை முறைப்படி மணக்க முடியாது; மணந்தாலும் அந்தத் திருமணம் செல்லாது. ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. திருத்தந்தையிடமிருந்து உரிய விதிவிலக்கு கிடைத்துவிட்டால் நீங்கள் இருவரும் மனநிறைவோடு பீடத்தின் முன் நின்று சம்மதம் சொல்லலாம். அது கையில் வரும்வரை நாள் குறிக்க வேண்டாம் என்று உங்களை வருந்திக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர் பெற்றது உண்மையிலேயே திருத்தொண்டர் நிலைதானா? குருமடத்தில் வாசகர் பணியும் பீடப்பணியாளர் பணியும் வழங்கப்படும் சடங்குகளையும் சிலர் 'பட்டம்' என்றே சொல்லிவிடுகிறார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு இவை திருநிலைப்பாடுகள் அல்ல. இவற்றை மட்டும் பெற்று வெளியேறியவர் பொதுநிலையினரே, அவருக்குத் திருமணத் தடை கிடையாது. திருத்தொண்டர் நிலை அப்படிப்பட்டதல்ல. குருத்துவ அருளடையாளத்துக்கு (இறையருளை வழங்கும் புனிதச் சடங்குக்கு) ஆயர், குரு, திருத்தொண்டர் என மூன்று படிநிலைகள் உண்டு. மூன்றும் ஒரே அருளடையாளத்தைச் சேர்ந்தவை. அந்தச் சடங்கை நீங்கள் பார்த்திருந்தால் நினைவுக்கு வரும்: மணத்துறவை வாழ்நாள் முழுவதும் ஏற்பதாக அவர் எல்லோர் முன்னிலையிலும் வாக்களிக்கிறார், தரையில் முகம்குப்புற விழுந்து கிடக்கிறார், பின் எழுந்து வந்து மண்டியிட, ஆயர் ஒரு சொல்லும் பேசாமல் அவர் தலைமேல் இரு கைகளையும் வைக்கிறார். அந்த அமைதியான கணத்தையும் தொடர்ந்துவரும் மன்றாட்டையும் கொண்டு நிறைவேறும் அருளடையாளம், திருமுழுக்கைப் போலவே, மீண்டும் பெற முடியாத, அழிக்க முடியாத முத்திரையைப் பதிக்கிறது. ஆகவே, 'குருப்பட்டம்தான் வாங்கவில்லையே' என்ற வாதம் இங்கே எடுபடாது.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1087-ஆம் எண் ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுகிறது: திருநிலைப்பாடு பெற்றவர்கள் திருமணம் செய்ய முயன்றால் அது செல்லாது. எந்தப் படிநிலை என்ற பாகுபாடு அதில் இல்லை. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே என்றும், இலத்தீன் மரபில் அந்த அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குவோர் மணமக்களே என்றும் திருச்சபை போதிக்கிறது. குரு அந்தச் சம்மதத்தைக் கேட்டு, திருச்சபையின் பெயரால் ஏற்கும் சாட்சி. அப்படியிருக்க, சம்மதம் தரும் இருவரில் ஒருவர் தடையால் கட்டுண்டவராக இருந்தால், விவரம் அறியாத பங்குத்தந்தை ஒருவர் முறைப்படி எல்லாம் செய்து வைத்தாலும் அங்கே திருமணம் உண்டாவதில்லை.

மணமான திருத்தொண்டர்களைப் பற்றிய உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது; நம்மவரில் பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். இரண்டு அருளடையாளங்களையும் ஒரே மனிதர் பெறலாம், ஆனால் வரிசை முக்கியம். முன்பே மணமானவர், 35 வயது நிறைந்து, மனைவியின் சம்மதத்தோடு நிரந்தரத் திருத்தொண்டராக, அதாவது குருவாகாமல் அந்நிலையிலேயே இருப்பவராக, திருநிலைப்படுத்தப்படலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விருப்பப்படி 1967-இல் அந்த நிலை மீண்டும் கொண்டுவரப்பட்டது. அவருடைய மனைவி இறந்துவிட்டால், அவரும் தனி விதிவிலக்கு இல்லாமல் மறுமணம் செய்ய முடியாது. உரோமையோடு ஒன்றித்திருக்கும் கிழக்கு மரபினரான கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்கள் குருக்களாகவும் இருக்கிறார்கள். அங்கேயும் திருநிலைப்பாட்டுக்குப் பிறகு திருமணம் இல்லை. பேதுருவின் மாமியாரைப் பற்றி மாற்கு நற்செய்தி சொல்வதை மேற்கோள் காட்டி வாதிடுவோர், அவர் அழைக்கப்பட்டபோதே மணமானவர் என்பதைக் கவனிப்பதில்லை. கி.பி. 314-இல் ஆயர்கள் கூடிய அன்கீரா சங்கம், திருநிலைப்பாட்டின்போதே 'நான் மணம் செய்ய விரும்புகிறேன்' என்று அறிவித்த திருத்தொண்டருக்கு மட்டும் அதை அனுமதித்தது. மௌனமாக இருந்து பெற்றுவிட்டுப் பிறகு மணந்தவரைப் பணியிலிருந்து நீக்கியது. அந்தச் சலுகை நிலைக்கவில்லை. 1139-இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் இத்தகைய திருமணங்கள் திருமணமே அல்ல என்று அறிவித்தது.

இனி விலகல் கடிதத்துக்கு வருவோம். பணியிலிருந்து விலகுவது வேறு, கட்டிலிருந்து விடுவிக்கப்படுவது வேறு. கடிதத்தைப் பெற்றுக்கொண்ட ஆயர் அவரைப் பணிப்பொறுப்புகளிலிருந்து விடுவித்திருக்கலாம். மணத்துறவுக் கடமையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் ஆயருக்கு இல்லை. 291-ஆம் எண்ணின்படி அது திருத்தந்தைக்கு மட்டுமே உரியது. திருத்தொண்டருக்கு முக்கியமான காரணங்களும், குருவுக்கு மிக முக்கியமான காரணங்களும் இருந்தால் அது வழங்கப்படும் என்று சட்டம் வேறுபடுத்திப் பேசுகிறது. அந்த வேறுபாடு உங்களுக்குச் சாதகமானது. ஆயினும் அது சலுகையே தவிர உரிமை அல்ல. அவர் எந்த மறைமாவட்டத்துக்கென்று திருநிலைப்படுத்தப்பட்டாரோ, அந்த ஆயர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். தம் வாழ்க்கை வரலாற்றையும், விலகியதற்கான உண்மையான காரணங்களையும் அவர் தம் கைப்பட எழுத வேண்டியிருக்கும். அவரைப் பயிற்றுவித்தவர்களிடமும் அறிந்தவர்களிடமும் சாட்சியம் கேட்கப்படும். ஆயர் தம் கருத்தையும் சேர்த்து உரோமைக்கு அனுப்புவார். அழகாக எழுத முயல வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அழைத்தலைப் பற்றிய ஐயம் எப்போது தொடங்கியது, திருநிலைப்பாட்டுக்கு முன்பே யாரிடமாவது அதைச் சொன்னாரா, ஏன் அப்போது நின்றுகொள்ளவில்லை என்பவற்றை மறைக்காமல் எழுதுவதுதான் உதவும்.

மண்டபம் பேசியாயிற்று, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்ற அவசரத்தைக் காட்டி இந்த விதிவிலக்கைப் பெற முடியாது. திருமண ஏற்பாடுகள் முடிந்த நிலையில் தெரியவரும் வேறு சில தடைகளை ஆயர் நீக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. திருநிலைப்பாட்டுத் தடையை அந்தச் சலுகையிலிருந்து அது வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. மரண ஆபத்தில் மட்டும், திருத்தொண்டர் நிலையால் வரும் தடையை ஆயர் நீக்கலாம்.

முதலில் பதிவுத் திருமணம் என்ற யோசனையை நான் ஏற்க மாட்டேன். அரசுச் சட்டத்தின் முன் அது செல்லலாம். திருச்சபையின் முன் அது திருமணம் ஆகாது. அதோடு, பதிவு அளவில் மட்டும் திருமணம் செய்ய முயன்றாலும், திருநிலைப்பாடு பெற்றவர் அந்தக் கணமே தாமாகவே பணித்தடைத் தண்டனைக்கு உள்ளாகிறார். அப்படிச் சேர்ந்து வாழத் தொடங்கினால், ஞாயிறுதோறும் நற்கருணை வாங்க முடியாமல் அமர்ந்திருக்கும் வேதனை உங்களுக்கும் வரும். பிறகு ஆசி பெற்றுக்கொள்ளலாம் என்பதும் தவறான எண்ணம். ஆசி எந்தத் திருமணத்தையும் செல்லுபடியாக்காது. விதிவிலக்கு வந்தபின் நீங்கள் இருவரும் குருவின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் புதிதாகச் சம்மதம் தர வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் சொல்லாமல் வேறொரு பங்கில் மணந்துவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அதற்கும் செவிகொடுக்காதீர்கள். திருமணத்துக்குமுன் பங்குத்தந்தை கேட்கும் முதல் ஆவணம், அண்மையில் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ். பதிவேட்டில் அவருடைய பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர் ஆகிய விவரங்களுக்கு அருகில் குறிப்புகளுக்கென்று ஓரிடம் இருக்கும். திருநிலைப்பாடு பெற்றதையும் அங்கே எழுதச் சட்டம் கட்டளையிடுகிறது. மங்கிய மையில் எழுதிய பெயருக்குப் பக்கத்தில், பல ஆண்டுகள் கழித்து வேறொரு கையெழுத்தில் சேர்த்த அந்த ஒற்றை வரியே போதும், உண்மை வெளிப்பட. விதிவிலக்கு வந்தால் அதையும் அங்கே பதிய வேண்டும்.

அவர் துறவு சபையைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். துறவு சபையில் கொடுக்கும் நிரந்தரக் கற்பு வார்த்தைப்பாடு (கடவுளுக்குத் தரும் வாக்குறுதி) தனியொரு திருமணத் தடை. அதிலிருந்தும் விடுவிக்கப்பட்டாரா என்பதற்கு எழுத்துச் சான்று தேவை. தற்காலிக வார்த்தைப்பாடு முடிந்து வெளியேறியவருக்கு அந்தத் தடை இல்லை.

விதிவிலக்கு ஆணை வந்ததும், அவர் திருப்பணியாளர் நிலையை இழந்து பொதுநிலையினர் ஆகிறார், மணத்துறவிலிருந்தும் விடுபடுகிறார். திருத்தொண்டர் பணி எதையும் அதன்பின் செய்ய முடியாது. பிற்காலத்தில் நிரந்தரத் திருத்தொண்டராகத் திரும்பி வரலாம் என்ற நம்பிக்கையோடு இந்த வாழ்க்கையைத் தொடங்காதீர்கள். மீண்டும் சேர்த்துக்கொள்வதும் உரோமையின் அனுமதிக்கு உட்பட்டது. திருமணத்தை ஆரவாரமின்றி நடத்தும்படி ஆயர் கேட்டுக்கொண்டால் மனம் வருந்த வேண்டாம். அருளடையாளம் அதனால் சிறிதும் குறைவதில்லை.

இந்த வாரமே அவரை அவருடைய மறைமாவட்டச் செயலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். 'என் விலகல் கடிதத்தின்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? மணத்துறவிலிருந்து விதிவிலக்குக் கோரும் விண்ணப்பம் உரோமைக்கு அனுப்பப்பட்டதா?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கி வரட்டும். விண்ணப்பம் இன்னும் போகவில்லை என்றால், அன்றே அதைத் தொடங்கலாம்.