வாசகர் கேள்வி – பதில்: தாய்லாந்துச் சண்டைப் படங்கள்

கேள்வி: புரூஸ் லீ, ஜாக்கி சான், ஜெட் லீ ஆகியோரின் படங்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். தாய்லாந்திலும் நல்ல சண்டைப் படங்கள் உண்டு என்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்? அவற்றில் அப்படி என்ன சிறப்பு?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: 2003-இல் வெளிவந்த 'ஓங் பாக்' படத்திலிருந்தே தொடங்குங்கள். கிராமத்துக் கோயிலில் இருந்த புத்தர் சிலையின் தலையை ஒருவன் திருடிக்கொண்டு பாங்காக்குக்குப் போய்விடுகிறான். அதை மீட்க ஓர் இளைஞன் புறப்படுகிறான். கதை அவ்வளவுதான், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். பிராச்சியா பிங்கேவ் இயக்கிய அந்தப் படம் உலகெங்கும் பேசப்பட்டதற்குக் காரணம், நாயகன் டோனி ஜா ரோப் கட்டாமலும் கிராஃபிக்ஸ் துணையில்லாமலும் தம் உடலை மட்டுமே நம்பிச் செய்த சாகசங்கள். குறுகிய சந்து ஒன்றில் அடியாட்களிடமிருந்து தப்பி ஓடும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். முள்கம்பி வளையத்துக்குள் பாய்ந்து மறுபுறம் வெளியேறுகிறார். தூக்கிச் செல்லப்படும் இரண்டு கண்ணாடிகளின் இடைவெளியில் உடலைக் குறுக்கிக்கொண்டு புகுந்து போகிறார். வண்டியொன்றின் அடியில் கால்களை இருபுறமும் அகல விரித்தபடி தரையோடு வழுக்கிச் சென்று எழுகிறார். முக்கியமான தாவல்களை இயக்குநர் வேறொரு கோணத்திலிருந்து மறுபடியும் காட்டுவது சிலருக்கு எரிச்சலூட்டலாம். எனக்கோ அது மிகவும் நியாயமாகப் படுகிறது. நடந்தது உண்மையிலேயே நடந்தது என்பதைப் பார்வையாளர் உறுதிசெய்துகொள்ள அதைவிட நேர்மையான வழி வேறில்லை.

டோனி ஜாவைப் பாராட்டுகிறவர்கள் பலரும் அவருடைய குருவான பன்னா ரிட்டிக்ராயை மறந்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் மிகக் குறைந்த செலவில் சண்டைப் படங்களை எடுத்துக்கொண்டு, இளைஞர்களைத் திரட்டித் தாமே பயிற்சியளித்துச் சண்டைக் குழு ஒன்றை வளர்த்தெடுத்தவர் அவர். சுரின் மாகாணத்தில் யானை வளர்க்கும் குடும்பத்தில் பிறந்த டோனி ஜா, சிறுவயதில் அவருடைய படங்களைப் பார்த்து வியந்து அவரிடமே போய்ச் சேர்ந்தவர். 'ஓங் பாக்' சண்டைகளை அமைத்த பன்னா, 2004-இல் தாமே இயக்கிய 'பார்ன் டு ஃபைட்' படத்தில் உண்மையான விளையாட்டு வீரர்களையும் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளையும் நடிக்க வைத்து, அவரவர் விளையாட்டையே ஆயுதமாக்கிச் சண்டையிடச் செய்தார். தொடக்கத்தில் லாரிகளின் மேல் நடக்கும் சண்டைக்காகவே அதைப் பார்க்கலாம். 2014-இல் பன்னா காலமானார்.

கேள்வி: 'டாம் யும் கூங்', 'தி புரொடெக்டர்' என்று இரண்டு பெயர்களில் ஒரே படம் கிடைக்கிறது. எதைப் பார்ப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் பெயரில் உள்ள 2005-ஆம் ஆண்டின் தாய்லாந்துப் பிரதியையே தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் மறு ஆண்டு வெளியிட்டபோது படத்தைக் கணிசமாக வெட்டி, பின்னணி இசையையும் மாற்றிவிட்டார்கள். களவுபோன தன் யானைகளைத் தேடி நாயகன் சிட்னி நகருக்குப் போகும் கதையில், யானைகளோடு அவனுக்குள்ள பாசம்தான் உயிர். அதைச் சொல்லும் பகுதிகள் குறைந்தால் சண்டைகளுக்கு வலுவில்லை. அந்தப் படத்தில் உணவு விடுதியின் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டே ஒவ்வொரு தளத்திலும் எதிரிகளை வீழ்த்தும் காட்சி, ஏறத்தாழ 4 நிமிடங்கள் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுகிறது. மேலே போகப்போக டோனி ஜாவுக்கு மூச்சு வாங்குவதும் அடிகளின் வேகம் சற்றே தளர்வதும் நன்றாகவே தெரிகின்றன. அந்தக் களைப்பை எந்தப் படத்தொகுப்பாலும் உண்டாக்க முடியாது. தாய்லாந்துச் சண்டைப் படங்களில் ஒரேயொரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது, கராத்தே கற்கிறாள். பெண் நாயகியாக நடித்த படம் ஏதேனும் உண்டா? அவளுக்குக் காட்டலாமா?
– தாயார் ஒருவர், ஈரோடு

பதில்: 2008-இல் வந்த 'சாக்லேட்' அப்படியான படம். ஆட்டிசம் உள்ள ஒரு பெண், தொலைக்காட்சியில் ஓடும் சண்டைப் படங்களையும் அக்கம்பக்கத்தில் நடக்கும் பயிற்சியையும் பார்த்தே அசைவுகளைக் கற்றுக்கொண்டு, நோயுற்ற தாயின் மருத்துவச் செலவுக்காகப் பழைய கடன்களை வசூலிக்கப் போகிறாள். டேக்வாண்டோ பயின்ற நாயகி ஜீஜா யானினுக்கு அதுவே முதல் படம் என்று நம்புவது கடினம். ஐஸ் தொழிற்சாலையில் நடக்கும் சண்டை, புரூஸ் லீ 1971-இல் தாய்லாந்திலேயே நடித்த 'தி பிக் பாஸ்' படத்துக்குச் செலுத்தும் மரியாதை. ஆனால் மகளைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். கத்திக்குத்தும் இரத்தமும் மிகுதி. இறைச்சிக் கூடத்துச் சண்டை பெரியவர்களையே முகம் சுளிக்க வைக்கும். முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, ஓரிரண்டு ஆண்டுகள் கழித்துக் காட்டுவதா என்று முடிவு செய்வதே நல்லது. காட்டும்போது இறுதியில் பெயர்கள் ஓடும் பகுதியைத் தவறவிட வேண்டாம். படப்பிடிப்பில் கலைஞர்கள் உண்மையாகவே காயமடைந்ததை அங்கே காட்டுகிறார்கள். பயிற்சியின்றி இவற்றைச் செய்து பார்க்கக் கூடாது என்பதை அவளுக்கு உங்களைவிட அது நன்றாக உணர்த்தும்.

கேள்வி: இந்தப் படங்களில் வருவதுதான் தாய்லாந்துக் குத்துச்சண்டையான உண்மையான முவே தாயா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முழுமையாக அன்று. முழங்கை, முழங்கால் அடிகள் முவே தாயிலும் உண்டு என்றாலும், திரையில் மேலோங்கி நிற்பது போட்டி மேடைக்கு முந்தைய பழைய முறையான முவே போரான். அதன் அடவுகள் சிலவற்றுக்கு இராமாயணத்திலிருந்தும் புராணத்திலிருந்தும் பெயர் வைத்திருக்கிறார்கள். அனுமன் கணையாழி கொடுப்பது என்று ஒன்று, இரு கைகளாலும் ஒருசேரக் கீழிருந்து மேலாகக் குத்துவது. ஐராவதம் தந்தத்தை உயர்த்துவது என்று மற்றொன்று. இன்றைய கையுறைப் போட்டியையும் அதற்குப் பின்னாலுள்ள வாழ்க்கையையும் காண விரும்பினால் 2003-இல் வந்த 'பியூட்டிஃபுல் பாக்ஸர்' படத்தைப் பாருங்கள். வறுமையில் பிறந்து, பெண்ணாக மாறும் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கவே மேடையேறிச் சண்டையிட்ட திருநங்கை வீராங்கனை நோங் தூமின் உண்மைக் கதை அது. நாயகனாக நடித்த அசானீ சுவான் தொழில்முறை முவே தாய் வீரர் என்பதால், போட்டிக்கு முன் குருவை வணங்கி ஆடும் ஆட்டம் முதல் கடைசி உதை வரை எதிலும் போலித்தனம் இல்லை.